நட்சத்திரம் போட்ட எடைகள்

முப்பது மாத்திரை இந்தப் பக்கம், முப்பது மாத்திரை அந்தப் பக்கம். இரண்டு பத்திகளையும் எக்செல்லிடம் ஒப்படைத்துவிட்டு எஃப் டெஸ்ட் என்று கேட்டால் அது ஒரே ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். அன்றைக்கு அந்த எண்ணில்தான் என் அண்ணனின் வேலை இருந்தது.

நான் மாத்திரைத் தொழிற்சாலையின் தரப்பிரிவில் இருக்கிறேன். எடைகளை வாங்கிக் கணக்குப் போட்டு அறிக்கை அடிப்பது என் வேலை. அண்ணன் கீழ்த்தளத்தில் பிரஸ் ஓட்டுபவர். வெள்ளைத் தூளை மேலே கொட்டினால் எஃகு அச்சுகள் ஒவ்வொன்றாக இறங்கி அழுத்தும், அந்தப் பக்கம் மாத்திரையாக விழும். இரண்டு பிரஸ் உண்டு. புதியது கண்ணாடிக் கூண்டுக்குள் சத்தமில்லாமல் ஓடும். பழையது இருபத்திரண்டு வருடமாக அண்ணனோடு சேர்ந்து இரைந்துகொண்டிருக்கிறது. என்னை இந்த வேலைக்குக் கூட்டிவந்து சேர்த்ததும் அவர்தான். எனக்கும் அவருக்கும் பதினான்கு வயது வித்தியாசம், அதனால் பாதி அப்பா.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் தசமம். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் இல்லாத எண்ணை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டால் எட்டு புள்ளி நான்கு ஒன்று ஆறு ஏழு என்பார் என்று சாப்பாட்டு அறையில் சிரிப்போம். அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"பழைய பிரஸ்ஸும் புது பிரஸ்ஸும் ஒரே மாதிரி ஓடுதான்னு தலைமை அலுவலகத்துல கேக்குறாங்க. சராசரி வேண்டாம். சிதறலைப் பாக்கணும். எஃப் டெஸ்ட் போடுங்க. புள்ளி பூஜ்ஜியம் அஞ்சுக்கு மேல வந்தா அப்படியே விட்டுடலாம். கீழ வந்தா காரணம் எழுதணும், நடவடிக்கை எடுக்கணும்."

சிதறல் என்னவென்று வீட்டில் அண்ணி ஒரு முறை கேட்டபோது பேருந்தை வைத்துச் சொன்னேன். இரண்டு பேருந்தும் சராசரியாக எட்டு மணிக்கு வருகின்றன. ஒன்று ஒரு நிமிடம் முன்னே பின்னே. இன்னொன்று ஒரு நாள் ஏழரைக்கு, ஒரு நாள் எட்டரைக்கு. சராசரி இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் இரண்டாவதை நம்பினால் வேலை போய்விடும். அண்ணி உடனே, "நம்ம வீட்டுப் பக்கம் வர்றது ரெண்டாவதுதான்" என்றாள்.

எஃப் டெஸ்ட் பார்ப்பது அந்தச் சிதறலைத்தான். இரண்டும் உண்மையில் ஒரே மாதிரி சிதறுபவை என்றால், கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வெறும் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும். பெரிய எண் வந்தால் பயமில்லை. 0.05-க்குக் கீழே போனால் தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

தசமம் சொன்ன 'நடவடிக்கை' என்ற சொல்தான் என்னைப் பயமுறுத்தியது. போன வருடம் பொதி கட்டும் பிரிவில் நடவடிக்கை எடுத்தார்கள், அடுத்த மாதம் ஆறு பேர் வீட்டில் இருந்தார்கள். அண்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்த மாதிரி பிரஸ் வேறெங்கும் இப்போது ஓடவில்லை. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அவர் வெளியே போனால் யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எடை போடுபவர் தராசக்கா. தராசுக்குப் பக்கத்திலிருக்கும் கணினியில் அவரே எடைகளைப் பதிந்து எனக்கு அனுப்புவார். வந்ததும் நான் வழக்கம்போல் அலங்காரம் செய்தேன். எண்கள் எல்லாம் கட்டத்துக்கு நடுவில் நிற்க வேண்டும், கோடு போட்டிருக்க வேண்டும், தலைப்பு நீலத்தில் இருக்க வேண்டும். தசமத்துக்கு அப்படி இருந்தால்தான் பிடிக்கும். அவர் ஒரு முறை என் தாளை எல்லோருக்கும் காட்டிப் பாராட்டியதிலிருந்து எனக்கும் அந்தக் கிறுக்கு ஒட்டிக்கொண்டது. அழகு பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எண்களைப் பார்த்திருக்கலாம்.

பழைய பிரஸ்ஸின் சராசரி 250.3 மில்லிகிராம். புதியது 250.1. எஃப் டெஸ்ட் 0.3814.

போன உயிர் திரும்பி வந்தது. அறிக்கையில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் படிகளில் கிட்டத்தட்ட ஓடினேன். அண்ணன் கையலம்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, தப்பிச்சோம். புள்ளி மூணு எட்டு! ரெண்டு பிரஸ்ஸும் ஒண்ணுதான்னு வந்துடுச்சு."

அவர் குழாயை மூடினார். "ஒண்ணுதான்னா?"

"ஒண்ணுதான்."

"நல்லா பாத்தியாம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், தங்கச்சி போட்ட கணக்கு தப்பா இருக்கும்னு நினைக்கிறீங்களா?"

"இல்ல… அது ஓடுற சத்தம் எனக்குத் தெரியும். அதான்."

மனிதர் சந்தோஷப்படக்கூடத் தெரியாதவர் என்று முணுமுணுத்துக்கொண்டே மேலே வந்துவிட்டேன். அண்ணிக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். அவள் மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரலில் வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து வருடாந்தரக் கோப்புக்காக அதே தாளைத் திறந்தேன். எத்தனை எடைகள் கணக்கில் வந்தன என்று ஒரு கட்டத்தில் காட்ட வேண்டும். புதிய பிரஸ்ஸுக்கு முப்பது என்று வந்தது. பழைய பிரஸ்ஸுக்கு இருபத்து மூன்று.

முதலில் சூத்திரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு பத்தியில் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினேன். 251. 247. 234*. 255. 266*. 249. தொழிற்சாலை தனக்குத்தானே வைத்திருக்கும் எல்லையைத் தாண்டிய ஒவ்வோர் எடைக்கும் தராசக்கா பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். ஏழு நட்சத்திரங்கள். நட்சத்திரம் ஒட்டியதும் எக்செல்லுக்கு அது எண் இல்லை, வெறும் எழுத்து. எழுத்தை அது எண்ணாது, கூட்டாது, எஃப் டெஸ்ட்டிலும் சேர்க்காது. ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப் போய்விடும். எழுத்தாக இருப்பவை சாதாரணமாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும், பார்த்த மாத்திரத்தில் தெரியும். நான்தான் எல்லாவற்றையும் அழகாக நடுவில் நிறுத்தியிருந்தேனே.

மோசமான எடைகளை எல்லாம் வெளியே நிறுத்திவிட்டு மிச்சத்தை வைத்து என் அண்ணனுக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். ஏழு நட்சத்திரங்களையும் ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொன்று போகும்போதும் அந்த எண் இறங்கியது. கடைசியில் 0.0002-இல் நின்றது. சராசரி மட்டும் அப்படியே 250.3-இல் உட்கார்ந்திருந்தது, அதற்கென்ன, ஒன்று கூடினால் ஒன்று குறைந்து சரிக்கட்டிவிடுகிறது.

தராசக்காவிடம் போனேன்.

"எப்பவும் போடுறதுதானேம்மா?" என்றார் அவர். "நோட்டு இருந்தப்ப சிவப்புப் பேனாவுல போடுவேன். நோட்டை எடுத்துட்டாங்க. கம்ப்யூட்டர்ல சிவப்புப் பேனாவுக்கு எங்க போறது? உங்க அண்ணன் வேற வந்து, 'ஒண்ணு விடாம நட்சத்திரம் போடுங்கக்கா, யார் கண்ணுலயும் படாம போயிடக் கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

மறுநாள் விடுமுறை. காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் மின்விசிறியைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்தார். அண்ணி தையல் இயந்திரத்தில் இருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு மெதுவாக, "இதை இப்படியே விட்டுடலாம்ண்ணா. அறிக்கை போயாச்சு. இனி யாரும் திறந்து பாக்க மாட்டாங்க" என்றேன்.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "அச்சு தேஞ்சிருக்கும்மா. ரெண்டு வருஷமா எழுதிக் குடுத்துட்டுத்தான் இருக்கேன். ஒவ்வொரு தடவையும் சராசரி சரியா இருக்குன்னு உங்க சார் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புறார். இந்தத் தடவை சிதறலைப் பாக்குறாங்கன்னதும், சரி, இப்பவாவது மாட்டும்னு நினைச்சேன்."

"மாட்டினா நீங்கதான் மாட்டுவீங்க."

"வலிப்புக்குக் குடுக்குற மாத்திரை. சின்னப் பிள்ளைங்களுக்கு அதைப் பாதியா உடைச்சுக் குடுப்பாங்க. ஒரு நாள் கூடப் போகுது, ஒரு நாள் கொறச்சலாப் போகுது. நம்ம எல்லையைத்தான் தாண்டுது, சட்டம் வச்ச எல்லைக்கு வெளியே இல்ல, விக்கத் தடையில்லன்னு சொல்லுவாங்க. இருக்கலாம். ஆனா விழுறது என் கை முன்னாடி." அவர் விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டே பேசினார். "கீழ வந்தா காரணம் எழுதணும்னு சொன்னாருல்ல? காரணம் அச்சுதான். எழுதிட்டாருன்னா மாத்தித்தானே ஆகணும். நீ சரியானதை அனுப்பு."

தையல் சத்தம் நின்றிருந்தது. "அப்படி எழுதலைன்னா?" என்று கேட்டாள் அண்ணி.

அவர் திருப்புளியை மறுபடி கையில் எடுத்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இந்த மனிதருக்கு நல்லவராக இருப்பதற்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்றுகூட நினைத்தேன்.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போனதும் திருத்திய அறிக்கையைத் தசமத்தின் மேசையில் வைத்தேன். அவர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"முதல்ல புள்ளி மூணு எட்டு ஒண்ணு நாலு. இப்ப புள்ளி பூஜ்ஜியம் பூஜ்ஜியம் பூஜ்ஜியம் ரெண்டு. நடுவுல என்னம்மா நடந்துச்சு?"

நட்சத்திரங்களைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பழைய பிரஸ் ஓட்டுறவர் உங்க அண்ணன்தானே?"

"ஆமா சார்."

"அப்ப முதல்ல ஏழு எடை காணாம போனது நட்சத்திரத்தாலதான்."

"ஆமா சார்."

அவர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. என் முகம் எரிந்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் அது தங்கை சொல்வதுதான், தரப்பிரிவு சொல்வது இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"சார், காரணம் அச்சு தேஞ்சதுதான். ரெண்டு வருஷமா எழுதிக் குடுத்திருக்கார்."

"அதை எஃப் டெஸ்ட் சொல்லுச்சா?"

சொல்லவில்லைதான். வித்தியாசம் இருக்கிறது என்பதற்கு மேல் அது ஒரு சொல் பேசாது. ஏன் என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. காரணம் என்ற கட்டத்தை மனிதர்கள்தான் நிரப்ப வேண்டும். அச்சு என்று எழுதினால் இரண்டு வருடமாக அந்தக் கடிதங்களைத் திருப்பி அனுப்பிய கையெழுத்து யாருடையது என்று மேலே கேட்பார்கள். அவர் பேனாவைத் திறந்து 'ஆபரேட்டர்' என்று எழுதினார்.

"கை நடுங்குது அவருக்கு. நானே பாத்திருக்கேன்" என்றார்.

டீ குடிக்கும்போது அண்ணனின் கை லேசாக நடுங்கும், உண்மைதான். பிரஸ் ஓட்டுவதற்குக் கை நடுங்காமல் இருக்க வேண்டியதே இல்லை. தூளைக் கொட்ட வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும். இதை எல்லாம் நான் சொன்னேனா, சொல்ல நினைத்து மென்று விழுங்கினேனா என்று இப்போது நினைவில்லை. சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

நடவடிக்கை என்ற கட்டத்தில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, பழைய பிரஸ்ஸின் ஆபரேட்டரை மாற்றுவது. இரண்டு, எடை போடுபவர் இனிமேல் எண்ணோடு எந்தக் குறியும் சேர்க்கக் கூடாது.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் தொப்பியையும் வெள்ளைக் காலணியையும் ஒப்படைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். மருத்துவக் காரணத்தால் விலகுவதாக அவரிடமே எழுதி வாங்கியிருந்தார்கள். நான் காத்திருந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் அழுதேன். அவர்தான் என்னைத் தேற்றினார்.

"விடும்மா. விஷயம் மேல போய்ச் சேந்துடுச்சுல்ல. ஆள மாத்திப் பாப்பாங்க, அப்பவும் அப்படியே ஓடும், ரெண்டே நாள்ல புரிஞ்சுடும். அச்சை மாத்திடுவாங்க."

இதையே அண்ணியிடமும் சொன்னார், மகளிடமும் சொன்னார். பிறகு வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே பழகியவர்களிடமும் இதையே சொல்கிறாராம். "வேலை போச்சேன்னு ஒரு வார்த்தை புலம்பலடி. நான் வெளிய வந்ததால அச்சு மாறிடுச்சுன்னு சொல்லிட்டு நிம்மதியாத் தூங்குறாரு" என்றாள் அண்ணி. எனக்கு அதைக் கேட்கப் பொறாமையாகக்கூட இருந்தது. நான் தூங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

நான்காவது வாரம் பழைய பிரஸ்ஸின் முப்பது எடைகள் வந்தன. இப்போது ஓட்டுபவர் வேறு ஆள், கல் மாதிரி நிற்கும் கை. யாரும் கேட்காமலே நான் ஒரு காரியம் செய்தேன். அண்ணன் ஓட்டியபோது எடுத்த முப்பதை ஒரு பத்தியில் வைத்தேன், புது ஆள் ஓட்டிய முப்பதை இன்னொரு பத்தியில் வைத்தேன். நடுவில் நிறுத்தவில்லை, கோடு போடவில்லை. இரண்டிலும் முப்பது முப்பது எண்கள் இருக்கின்றனவா என்று இரண்டு தடவை எண்ணினேன். பிறகு எஃப் டெஸ்ட் கேட்டேன்.

0.8725.

என்னையறியாமல் கைதட்டிவிட்டேன், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதே பிரஸ், வேறு ஆள், அதே சிதறல். அப்படியென்றால் சிதறியது அண்ணன் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு தசமத்திடம் போனேன்.

அவர் படித்தார். நான்கு இலக்கமும் இருந்ததில் அவருக்குத் திருப்தி.

"வித்தியாசமே இல்லையே. நல்லதுதானே? புது ஆள் ஒரு மாசத்துல நல்லாப் பழகிட்டாருன்னு அர்த்தம். கோப்புல சேத்துடுங்க."

"சார், அப்படி இல்ல சார். இது…"

"சேத்துடுங்கம்மா."

சேர்த்தேன். ஒரு நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். உலகத்தில் வேறு யாருக்கும் வேண்டாம் என்றாலும் அந்த எண் வேண்டிய வீடு ஒன்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போனேன்.

கதவைத் திறந்ததும் அண்ணியிடம்தான் முதலில் சொன்னேன். அவளுக்குக் கணக்குப் புரியவில்லை, ஆனால் 'அண்ணன் மேல தப்பில்ல' என்பது புரிந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஏங்க, இங்க வாங்க, பாருங்க, உங்க மேல ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சு" என்று கத்தினாள். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். தாள் லேசாக நடுங்கியது.

"இது எப்ப எடுத்த எடை?"

"போன வாரம்ண்ணா. நீங்க இல்லாம. பாருங்க, அதே சிதறல்தான். நீங்க காரணமே இல்ல."

"எத்தனை நட்சத்திரம்?"

"இப்ப நட்சத்திரம் போடக் கூடாதுன்னுட்டாங்க." சொல்லிவிட்டு, அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, "எல்லை தாண்டினது எட்டு. நீங்க இருந்தப்ப ஏழுதான்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அச்சை மாத்தலையா?"

அந்த நொடியில்தான் நான் என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது. அந்த எண் பெரிதாக வந்தது ஒன்றே கண்ணில் நின்றது, அது ஏன் பெரிதாக வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. அச்சு மாறியிருந்தால் அது சிறிதாக வந்திருக்கும். அவர் மேல் தப்பில்லை என்று சொல்வதற்கு, எதுவும் மாறவில்லை என்பதைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை.

"இல்லண்ணா."

"ஓடுதா?"

"ஓடுது."

"தினமுமா?"

"தினமும்."

அவர் தாளை மடிக்காமல் என் கையில் திருப்பிக் கொடுத்தார். அண்ணி இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படியோ உண்மை வெளிய வந்துச்சே, அது போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மணி பத்துகூட ஆகவில்லை.